அக்கா பிள்ளைகள்

எங்கள் கட்டடத்தில் எல்லோரும் அவளைச் சித்தி என்றுதான் கூப்பிடுகிறோம். அவளைவிட வயதில் எவ்வளவோ மூத்த நானும் அப்படித்தான். தண்ணீர் கேன் போடுகிறவன்கூட வாசலில் நின்று, "சித்தி, கேன் வந்திருக்கு!" என்று குரல் கொடுப்பான். அந்தப் பெயரை அவளுக்கு யாரும் ஆசையாக வைக்கவில்லை. தன் வாயால் தானே தேடிக்கொண்டாள்.

நான் எதிர் வீடு. துணி தைக்கிறேன். மிஷினைக் கதவோரம் போட்டிருப்பதால் காற்றும் வரும், எதிர் வீட்டுப் பேச்சும் வரும். ஒட்டுக் கேட்கிறேன் என்று சொல்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். ஒரு ஆள் கையை நீட்டினால் எதிர்க்கதவைத் தொடலாம், அவ்வளவுதான் நடை. காதைப் பொத்திக்கொண்டு துணி வெட்டுகிற வித்தை எனக்குத் தெரியாது.

கீழ்த்தளத்தில் ஓனரும் ஓனரம்மாவும். ஓனர் ஒரு காலத்தில் ஆணி, பூட்டு, தாழ்ப்பாள் விற்ற கடைக்காரர். கடையைக் கைமாற்றிவிட்ட பிறகும் புத்தி அங்கேயேதான் இருக்கிறது; மூன்றாவது மாடியில் ஒரு திருகு தளர்ந்தால் அவருக்குக் கீழே தூக்கம் வராது. புதிதாகக் குடிவருகிற எல்லோரிடமும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்: "வீடு குடியிருக்கறதுக்கு. தொழில் பண்ணணும்னா கடைத்தெரு இருக்கு." அதற்குக் காரணமும் உண்டு. மேல் மாடியில் முன்பு ஒருத்தன் யாருக்கும் தெரியாமல் சமையலறையில் சோப்புக் காய்ச்சினான். குழாய் அடைத்துக்கொண்டு, ஓனர் வீட்டுக் குளியலறையில் நுரை பொங்கி, இடுப்பில் துண்டோடு, உடம்பெல்லாம் வாசனை கமகமக்க, ஓனர் கத்திக்கொண்டே மாடியேறி வந்ததை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம். என் மிஷின் மட்டும் எப்படித் தப்பித்தது என்றால், நான் அவருடைய அப்பா காலத்துக் குடித்தனம். அதோடு, ஓனரம்மாவின் துணிகளை வேறு யார் தைத்தாலும் அவருக்குத் தோளில் இழுக்கும்.

சித்தி குடிவந்தபோது அவளுக்கு அந்தப் பெயர் இல்லை. கணவர் சரக்கு லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருப்பதைவிடச் சாலையில் இருப்பதுதான் அதிகம். பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். இவள் அதுவரை ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். அதை மூடிவிட்டார்கள். அங்கே பிள்ளையை விட்டுக்கொண்டிருந்த ஒரு நர்ஸும் ஒரு பஸ் டிரைவரும், "நீங்க வீட்டுலயே வச்சுப் பாத்துக்கோங்க, உங்ககிட்டன்னா எங்களுக்குக் கவலையில்ல" என்று கேட்டார்கள். அவளுக்கும் வேறு வேலை தெரியாது. தெரிந்த ஒரே வேலையை அவளைவிட நன்றாகச் செய்கிறவர்களை நான் பார்த்ததுமில்லை.

முதல் நாள் காலையில் டிரைவர் மகனை இடுப்பிலும் நர்ஸ் மகளைக் கையிலுமாகப் படியேறி வந்தாள். ஓனர் ஸ்டூல் போட்டு ஏறி நின்று மாடிப்படி பல்பை மாற்றிக்கொண்டிருந்தார்.

"யாரும்மா இது ரெண்டும்?"

"எங்க அக்கா பிள்ளைங்க."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை என்று பிற்பாடு என்னிடம் சத்தியம் செய்தாள். அனுமதி கேட்கத்தான் வாயைத் திறந்தாளாம். சோப்புக்காரன் கதை நினைவுக்கு வர, வாய் தானாகவே வேறு பக்கம் திரும்பிவிட்டதாம்.

"ரெண்டும் ஒரே வயசு மாதிரி இருக்கு?"

"ரெட்டைங்க."

ஓனர் ஸ்டூலில் இருந்தபடியே குனிந்து பார்த்தார். பெண் குழந்தை பூரித்த கன்னமும் ஓயாத வாயுமாக இருக்கும். நான் அதற்கு வாயாடி என்று பெயர் வைத்திருக்கிறேன். பையன் ஒல்லி, சுருட்டை முடி, யார் எது கேட்டாலும் யோசித்து மெதுவாகத்தான் தலையாட்டுவான், அவன் துரை. "ஒண்ணு கிழக்க பாக்குது, ஒண்ணு மேற்க பாக்குது. ரெட்டைங்கற?" என்றார் ஓனர்.

"ஒண்ணு அம்மா சாடை, ஒண்ணு அப்பா சாடை."

பல்பு எரிந்தது. அவர் நம்பிவிட்டார். நான் ஊசியில் நூல் கோத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பெற்றவர்கள் வந்து அழைத்துப் போனபோது எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

அன்றிலிருந்து அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அதுவரை 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளைச் 'சித்தி' என்று கூப்பிடப் பழக்கினாள். மகளுக்கு, "யார் கேட்டாலும் தம்பி தங்கச்சின்னு சொல்லு" என்று பாடம் நடந்தது. சின்னச் செருப்புகளை வாசலில் விடாமல் உள்ளே அலமாரியில் ஒளித்து வைத்தாள். மேஜை முனைகளில் பஞ்சு வைத்துக் கட்டி, அதை வெளியே தெரியாமல் துணிபோட்டு மூடினாள். சமையலறை வாசலுக்கு ஒரு பழைய கட்டில் பலகையைக் குறுக்கே சாத்தி, யாராவது படியேறும் சத்தம் கேட்டால் எடுத்துச் சுவரோடு சாய்த்துவிடுவாள். உள்ளே ஒரு தாழ்வான ஆணி வரிசை. அதில் பிள்ளைகளின் பைகள். எந்தப் பை யாருடையது என்று அவர்களே கண்டுபிடிக்க, ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் துண்டுத்துணி தைத்துக் கொடுத்தேன். அந்த வகையில் நானும் உடந்தைதான்.

கொஞ்ச நாளில் மூன்றாவதாக ஒரு கைக்குழந்தை வந்தது. பெரிய கடையில் பில் போடுகிற பெண்ணின் குழந்தை.

"இது?" என்றார் ஓனரம்மா.

"இதுவும் அக்காவோடதுதாம்மா. கடைக்குட்டி."

"ஏம்மா, உங்க அக்காவுக்கு வேற வேலையே கிடையாதா?"

ஓனரம்மா சூதுவாது தெரியாதவர். சொன்னதை நம்புவார், நம்பியதற்காக உருகுவார். அக்கா ஊரின் அந்தக் கோடியில் இருப்பதாகவும், வேலை வேலை என்று அலைவதாகவும், பக்கத்து வீட்டாரும் கூட வேலை செய்கிறவர்களும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவதாகவும் சித்தி பூசி மெழுகி வைத்திருந்தாள். அதைக் கேட்டதிலிருந்து ஓனரம்மாவுக்கு அந்த அக்காமேல் ஒரு கோபம் வளர்ந்துகொண்டே வந்தது. என்னிடம் துணி கொடுக்க வரும்போதெல்லாம், "ஒரு நாளாவது பெத்தவ வந்து விடறாளா பாரு? இந்தப் பொண்ணு தலையில கட்டிட்டு ஹாயா இருக்கா" என்று பொருமுவார். நான் அளவெடுக்கும் சாக்கில் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொள்வேன்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் அவளிடமே கேட்டுவிட்டேன். "உனக்கு நிஜமாவே அக்கா இருக்காளா?"

"இருக்கா, தையலக்கா. கூடப் பொறந்தவ. தபால் ஆபீஸ்ல வேலை. வெளியூர்."

"அவளுக்கு எத்தனை பிள்ளைங்க?"

அவள் பால் புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள். பிறகு திறந்தாள்.

"இல்ல."

"என்ன இல்ல?"

"பிள்ளை இல்ல. கல்யாணமாகி ரொம்ப வருஷமாச்சு. ஒண்ணு தங்குச்சு, ஏழாம் மாசம் போயிடுச்சு. அதுக்கப்புறம் யாரும் அவகிட்ட அந்தப் பேச்சையே எடுக்கறதில்ல. அவளும் எங்கயும் வரப்போறதில்ல."

"அடிப்பாவி" என்றேன். வேறென்ன சொல்ல? "பொய்தான் சொல்லணும்னா நாத்தனார் பிள்ளைங்கன்னு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"எனக்கு நாத்தனாரே இல்லியே."

"இல்லாத நாத்தனாருக்குப் பிள்ளை பெத்துக் கொடுத்திருந்தா யாருக்கும் வலிச்சிருக்காதே!"

அவள் ஏற்கெனவே கழுவின புட்டியை மறுபடி கழுவினாள். அவள் காது மடல் சிவந்திருந்தது. இதை நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியவேண்டும் என்பதில்லை. மாடிப்படியில் அந்த முதல் வார்த்தை வாயைவிட்டுப் போன நொடியிலேயே தெரிந்திருக்கிறது. அதனால்தான் அக்காவோடு போனில் பேசுவதையே அவள் குறைத்துக்கொண்டிருந்தாள்.

அப்படியே ஓட்டிவிடலாம் என்று இருந்தபோது நகராட்சி ஒரு விதி கொண்டுவந்தது. வீட்டில் வைத்துப் பிறர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் பதிவு செய்ய வேண்டும். வாடகை வீடு என்றால் ஓனரின் கையெழுத்து வேண்டும். பதிவுத் தாளைக் கண்ணில் படும்படி சுவரில் மாட்ட வேண்டும். செய்தியைக் கொண்டுவந்தவள் நர்ஸ். "உங்களை விட்டுட்டுப் போக எனக்கு மனசே இல்ல. ஆனா பதிவில்லாத எடத்துல பிள்ளைய விட்டா நாளைக்கு எங்களுக்கும்தான் கேள்வி வரும். சீக்கிரம் வாங்கிடுங்க" என்றாள். டிரைவரும் அதையே சொன்னார். கையெழுத்து இல்லையென்றால் பிள்ளைகள் இல்லை. பிள்ளைகள் இல்லையென்றால் இவளுக்கு வேலை இல்லை. லாரிக்காரரின் வருமானத்தை மட்டும் நம்பி அந்த வீட்டில் குடியிருக்கவும் முடியாது.

கேட்கப் போனாள். ஒரு முறை அல்ல, பல முறை. தலைவாரி, நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு, வாய்க்குள் ஒத்திகை பார்த்தபடி இறங்கிப் போவாள். கீழே ஓனரம்மா கதவைத் திறந்ததும் திறவாததுமாக, "என்னம்மா, உங்க அக்கா இன்னிக்காவது எட்டிப் பாத்தாளா?" என்பார். அவ்வளவுதான். "ஸ்க்ரூடிரைவர் இருக்குமாம்மா?" என்று எதையாவது இரவல் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவாள். அவள் வீட்டில் ஓனரின் சாமான்கள் ஒரு சின்னக் கடை போடும் அளவுக்குச் சேர்ந்துவிட்டன.

அந்தச் சமயத்தில்தான் நிஜ அக்கா வந்தாள்.

சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். இந்த ஊர்க் கண் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, அப்படியே தங்கையையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று. முன்பகல் நேரம். நிமிர்ந்த முதுகு, தோளில் பழுப்புத் தோல் பை. கவுண்டரில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு ஆளை நேருக்கு நேர் பார்க்கும் ஒரு பார்வை இருக்குமே, அந்தப் பார்வை. என்னிடம் வீடு எது என்று கேட்டாள். நான் எதிர்க்கதவைக் காட்டுவதற்குள் சித்தியே கைக்குழந்தையோடு வெளியே வந்துவிட்டாள். முகத்தில் ஈயாடவில்லை. "அக்கா" என்றாள், அதுவும் பாதிதான் வந்தது.

அதே நேரத்தில், தைக்கக் கொடுக்க வேண்டிய துணியைக் கையில் பிடித்தபடி ஓனரம்மா படியேறி வந்துகொண்டிருந்தார். அந்த அரை வார்த்தை அவர் காதில் விழுந்துவிட்டது.

"யாரு? அக்காவா? நீங்கதானா அது?"

"ஆமா. இவளோட அக்கா."

"வாங்கம்மா வாங்க! இப்பதான் வழி தெரிஞ்சுதா?" ஓனரம்மாவுக்கு மூச்சு வாங்கியது. படியேறியதும் ஒரு காரணம், பல நாள் கோபம் இன்னொரு காரணம். "நான் பேசறேனேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு மனசுல ஒண்ணு வச்சுக்கத் தெரியாது. பெத்தா மட்டும் போதுமாம்மா? மூணையும் பெத்து இவ மடியில போட்டுட்டு, ஒரு நாளாவது வந்து பாக்கணும்னு தோணலியா உங்களுக்கு? இந்தப் பொண்ணு எப்படி வளர்க்குது தெரியுமா? நீங்க பெத்ததுன்னு நீங்க மறந்தே போயிட்டீங்க!"

அந்தப் பெண்மணி ஓனரம்மாவைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள். தங்கையின் பின்னால், காலைக் கட்டிக்கொண்டு வாயாடியும் துரையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாருங்க," என்றார் ஓனரம்மா, குரல் தழுதழுக்க, "பெத்தவளையே அடையாளம் தெரியல பிள்ளைங்களுக்கு! ஒளிஞ்சுக்குதுங்க!"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. எனக்கே அப்படியென்றால் சித்தியின் நிலைமையை என்னவென்று சொல்வது. அவள் வாய் திறந்திருந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே, அந்த நொடியிலேயே சொல்லியிருக்க வேண்டும். நானாவது சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பேருமே மரம் மாதிரி நின்றோம்.

பேசியது அக்காதான்.

"தப்புதாம்மா" என்றாள் ஓனரம்மாவிடம். கவுண்டரில் பேசுகிற அதே நிதானக் குரல். "வேலை வேலைன்னு இருந்துட்டேன். இனிமே அடிக்கடி வந்து பாத்துக்கறேன்."

பிறகு பையைத் தரையில் வைத்துவிட்டு, அப்படியே நடையில் முட்டிபோட்டு உட்கார்ந்து கைகளை நீட்டினாள். துரை அசையவில்லை. வாயாடி யாரிடமும் போகும் ஜாதி. வந்து, நீட்டிய கையை விட்டுவிட்டுப் பையின் ஜிப்பை இழுத்துப் பார்த்தது. ஓனரம்மாவுக்கு அது போதும். "ரத்தம் இழுக்குது பாத்தீங்களா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, துணியை என் மிஷின்மேல் போட்டுவிட்டு, ஒரு பெரிய கடமையை முடித்த திருப்தியோடு இறங்கிப் போனார்.

கதவு சாத்தப்படவில்லை. சாத்தத் தோன்றவில்லை அவர்களுக்கு. எழுந்துபோக எனக்கும் கால் வரவில்லை.

"எத்தனை எனக்கு?" என்று கேட்டாள் அக்கா.

"அக்கா, நான் வேணும்னு..."

"எத்தனைன்னு கேட்டேன்."

"மூணு."

"மூத்தது எது?"

"ரெண்டும் ரெட்டைன்னு சொல்லியிருக்கேன்."

அக்கா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து போயிற்று. மூன்று பேரின் பெயரையும் கேட்டாள், வயதைக் கேட்டாள், எது என்ன சாப்பிடும், எது எப்போது தூங்கும் என்று கேட்டாள். கேட்டதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள், இனி யாராவது வழிமறித்துக் கேட்டால் தடுமாறக் கூடாது என்பது போல. தங்கை அழ ஆரம்பித்தாள். பதிவு, கையெழுத்து, ஓனர், சோப்புக்காரன் என்று எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டினாள். "மன்னிச்சிடுக்கா" என்று அவள் காலைப் பிடிக்கக் குனிந்தபோது அக்கா காலை இழுத்துக்கொண்டாள்.

"சீக்கிரம் அவங்ககிட்ட உண்மையச் சொல்லி அனுமதி வாங்கற வழியப் பாரு. அதுவரைக்கும் நான்தான் அம்மா. மாத்திச் சொல்லி மாட்டிக்காத" என்றாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வாசலில் செருப்பைப் போடும்போதுதான் அதைச் சொன்னாள். "ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம் நீ. பிள்ளைங்களப் பாக்க வந்தவ வெறுங்கையோட வந்துட்டேன்."

திட்டியிருந்தால் தேவலை. ஒரு அறை விட்டிருந்தால் இன்னும் தேவலை. அவள் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் சித்தி நடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கைக்குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம், பிள்ளைகளைப் பெற்றவர்கள் அழைத்துப் போனதும், "கூட வாங்க தையலக்கா" என்றாள். போனோம். இந்த முறை தலைவாரவில்லை, உடுப்பு மாற்றவில்லை. ஓனர் ஒரு பழைய பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லியும் அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, காய்ச்சல்காரி மாதிரி ஒரே குரலில் சொல்லிக்கொண்டே போனாள்.

ஓனர் எகிறினார். எகிறாமல் என்ன செய்வார்? "முன்னாடியே கேட்டிருந்தா முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன், அது வேற விஷயம். ஆனா ஸ்டூல்ல நிக்க வச்சே என் காதுல பூ சுத்தியிருக்கியேம்மா! சோப்புக்காரனாவது நுரைய விட்டான், கண்டுபிடிச்சேன். நீ நுரைகூட வரவிடலியே! ரெட்டைங்களாம், ரெட்டை!"

ஓனரம்மா குறுக்கே பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததே கிடையாது. கடைசியில், "அந்தப் பொண்ணுக்கு?" என்று கேட்டார். "ஒண்ணுகூடவா இல்ல?"

"இல்லம்மா. ஒண்ணு தங்கி, ஏழாம் மாசம் போயிடுச்சு."

ஓனரம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "பெத்தா மட்டும் போதுமான்னு கேட்டேனே" என்றார் கைகளுக்குள்ளிருந்து. "வாசல்லயே நிக்க வச்சுக் கேட்டேனே. மறந்துட்டீங்கன்னு வேற சொன்னேனே." அழுதார். அப்புறம் கணவரின் பக்கம் திரும்பி, "கையெழுத்தைப் போடுங்க" என்றார்.

"நான் எதுக்குப் போடணும்?"

"நான் பேசின பேச்சுக்குப் போடுங்க."

ஓனர் பூட்டைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மறுநாளே அளவு நாடாவோடு மேலே வந்தார். கட்டில் பலகையைப் பார்த்ததும் அவருக்கு வந்த கோபம் பொய் சொன்னதற்குக்கூட வரவில்லை. "கீல் இல்லாம இப்படிப் பலகைய சாத்தி வைக்கறதா? பிள்ளை மேல விழுந்தா?" என்று கத்திவிட்டு, கீலும் கொக்கியும் போட்டு, சின்ன கேட் ஒன்றை அவரே அடித்துக் கொடுத்தார். பஞ்சு கட்டிய மேஜை முனைகளைத் தடவிப் பார்த்து, "ம்" என்றார். அவரிடமிருந்து அது பாராட்டு.

பதிவுத் தாள் வந்தது. சட்டம் போட்டு வாசலுக்கு நேரே மாட்டினாள். சின்னச் செருப்புகள் வரிசையாக வாசலுக்கு வந்தன. நாங்களெல்லாம் சந்தோஷப்பட்டோம். அவள் மட்டும் அந்தத் தாளை நிமிர்ந்து பார்க்கவே மாட்டாள். "எங்க அக்காவ அவமானப்படுத்தி வாங்கினது தையலக்கா இது" என்பாள். இல்லை என்று சமாதானம் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. உண்மை அதுதானே. அவள் கேட்டு அந்தக் கையெழுத்து விழவில்லை. அக்காவின் வலியைக் காட்டித்தான் விழுந்தது.

அனுமதி கிடைத்ததை அக்காவிடம் சொல்லிவிடு என்று நான் நச்சரித்துக்கொண்டே இருந்தேன். சொல்லத்தான் போனை எடுத்தாள். வாயைத் திறக்கும் முன்பே அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்துவிட்டது: "ரெட்டைங்களுக்கு உடுப்பு என்ன அளவு? சின்னதுக்குப் பல்லு முளைச்சிடுச்சா?" இவள் போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் நாடாவை எடுத்துக்கொண்டு போய்த் துரையின் தோளை அளந்தேன். அன்றைக்கு அளவை மட்டும்தான் சொல்ல முடிந்தது.

மறுபடி கண் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியிருந்தது அக்காவுக்கு. வருகிறாள் என்று தெரிந்ததும் சித்தி காலையிலேயே அந்தச் சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றி, என் கையில் திணித்தாள்.

"உங்க டிராயர்ல வச்சிருங்க."

"நல்லா இருக்குடி உன் நியாயம்! முன்னாடி அனுமதி இல்லாம ஒளிச்ச, இப்ப அனுமதிய ஒளிக்கறியா? நகராட்சிக்காரன் வந்தா?"

"வந்தா கொடுங்க. அக்கா வந்தா மட்டும் கொடுக்காதீங்க." அவள் கண்ணை ஏறெடுக்கவில்லை. "இன்னிக்கு நானே சொல்லிடறேன். சுவத்துல பாத்துத் தெரிஞ்சுக்க வேண்டாம்."

அக்கா இந்த முறை இரண்டு கையிலும் பைகளோடு வந்தாள். ஓனரம்மா கீழேயே அவளைப் பார்த்துவிட்டார். உள்ளே போய் ஒளிந்துகொள்வார் என்றுதான் நான் நினைத்தேன். வெட்கம் அப்படிப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது அவரை. ஆனால் மேலே வந்தார். பின்னாலேயே ஓனரும் வந்தார்.

"இந்தத் தடவை நேரத்தோட வந்துட்டேன் பாருங்கம்மா" என்றாள் அக்கா, தங்கைக்காக, தன் பங்கு பிசகாமல்.

ஓனரம்மா என்னைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார். உண்மை வெளிவந்துவிட்டது அக்காவுக்கு இன்னும் தெரியாது என்று அவருக்கு விளங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்க வந்தவர் அதை அப்படியே விழுங்கினார். "பிள்ளைங்க உங்களத் தேடிட்டுதான் இருந்துச்சு" என்றார்.

யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஓனர் ஒரு படி முன்னால் வந்தார். தொண்டையைச் செருமினார். பொய் என்றால் எட்டிக்காயாகக் கசக்கும் மனிதர். "சத்தமே இல்லம்மா உங்க பிள்ளைங்க" என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டு. "நல்ல பிள்ளைங்க."

அக்காவின் முகம் சட்டென்று இளகி, வேறொரு பெண்ணின் முகம் மாதிரி ஆயிற்று. வாயாடி ஓடிவந்து பையின் ஜிப்பை இழுத்தது. துரை மெதுவாக யோசித்து, ஒரு விரலை மட்டும் கொடுத்தான். அந்த விரலைப் பிடித்துக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

அன்று தண்ணீர் குடித்தாள். சாப்பிட்டாள். மூன்று பேருக்கும் புது உடுப்பை மாட்டிவிட்டாள். துரைக்குத் தோள் கச்சிதமாக இருந்தது, என் அளவு தப்பாது. கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டித் தூங்க வைத்தாள். தூங்கிய பிறகும் கீழே படுக்க வைக்கவில்லை. சித்தி அவளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் மிஷினை நிறுத்தினேன்.

"அக்கா" என்றாள்.

"கேட்டியா?" என்றாள் அக்கா, குழந்தையின் முதுகில் வைத்த கையை எடுக்காமல். "ஓனர்கிட்ட. சொல்லிட்டியா?"

என் டிராயருக்குள் அந்தத் தாள் இருக்கிறது. ஒரே ஒரு 'ஆமா' போதும். ஆனால் அந்த 'ஆமா'வுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கே புரிந்தது: இவை உன் பிள்ளைகள் இல்லை என்று கீழே எல்லோருக்கும் தெரியும், நீ இனி வர வேண்டியதில்லை. ஒரு தடவை பறிபோனவளிடமிருந்து இன்னொரு தடவை பிடுங்குவது. அதைச் செய்யத் தங்கைக்கு வாய் வரவில்லை.

"இன்னும் இல்லக்கா" என்றாள். "பயமா இருக்கு."

அக்கா குழந்தையின் தலையில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு சொன்னாள்:

"அவசரப்படாத. மெதுவா கேட்டுக்கலாம்."

நான் மிஷினை மிதிக்கத் தொடங்கினேன். இரண்டு கதவும் திறந்தேதான் இருந்தன. நான் அழுகிற சத்தம் வெளியே கேட்கக் கூடாதே என்று, நூலில்லாத ஊசியை வெறும் துணியில் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா போன பிறகு தாளை எடுத்துக் கொடுக்கப் போனேன். சித்தி சுவரில் வெறுமனே நிற்கும் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கயே இருக்கட்டும் தையலக்கா" என்றாள். "அடுத்த வாரமும் வராளாம்."